உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன்

அந்த ரசீதில் 35.2 கேலன் என்று இருந்தது.

பெட்ரோல் பங்க்கில் வரும் அதே மெல்லிய தாள்தான். இறக்கையின் மேல் ஏறி இரண்டு டேங்கையும் நிரப்பிவிட்டு, குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மெஷினிலிருந்து கிழித்து எடுத்தேன். பாக்கெட்டில் போடப் போனவன் மறுபடி பார்த்தேன். நான் எதிர்பார்த்திருந்தது 26. அன்று 3.2 மணி நேரம் பறந்திருந்தேன். அந்த செஸ்னா 172 மணிக்கு ஏறத்தாழ 8 கேலன் குடிக்கும். காலையில் டேங்க் நிரம்பியிருந்தது என்றால் இப்போது 26தான் பிடித்திருக்க வேண்டும். மிச்சம் 9 கேலன் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. காலையிலேயே இல்லை.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் தென்பகுதியில் ஒரு சின்ன விமான நிலையத்தில் பறக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். மென்பொருள் வேலை, வீடு, குழந்தை, இதற்கு நடுவே வாரம் இரண்டு நாள். அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் வாங்கக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 10 மணி நேரமாவது தனியாக. அந்தத் தனிப் பயணங்களில் ஒன்று 150 கடல் மைலுக்குக் குறையாமல், மூன்று இடங்களில் இறங்கி ஏறுவதாக இருக்க வேண்டும். மாணவர்கள் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பயணம் அது. என்னுடையது சலினாஸ், அங்கிருந்து பாசோ ரோபிள்ஸ், பிறகு வீடு. மொத்தம் 260 மைலுக்குக் கிட்டத்தட்ட.

அன்று காலை கடல்மேகம் விலக நேரமாகிவிட்டது. விமானத்தை நான்கு மணிக்குத் திருப்பித் தர வேண்டும். அவசரமாக செக்லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தேன். டயர், பிரேக், ஆயில், இறக்கைகளின் மடிப்புகள். எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து, நீல நிறத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். அடுத்த வரி, எரிபொருளின் அளவு. இதற்கு இறக்கையின் மேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவு குறித்த குச்சியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். ஊரில் ட்ராக்டரின் டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்களே, அதேதான். இத்தனை தொழில்நுட்பம் வந்த பிறகும் பழைய விமானங்களில் நம்பகமான வழி அந்தக் குச்சிதான்.

கிளப்பின் பதிவுத் தாளில் எனக்கு முன்னால் ஓட்டியவர் எரிபொருள் கட்டத்தில் 'ஃபுல்' என்று எழுதியிருந்தார். நான் இறக்கையில் ஏறவில்லை. செக்லிஸ்ட்டில் டிக் போட்டேன்.

மேலே போன பிறகும் எனக்குச் சொல்லப்பட்டது. சலினாஸ் பள்ளத்தாக்கு கீழே பச்சைக் கட்டங்களாக விரிந்து கிடந்தது. எதிர்காற்றில் திரும்பி வந்துகொண்டிருந்தபோது இரண்டு மீட்டர் ஊசிகளும் கால்வாசிக்குக் கீழே ஆடின. பார்த்தேன். 'பழைய செஸ்னாவின் பெட்ரோல் மீட்டரை நம்பாதே' என்பது முதல் வாரத்தில் கற்ற பாடம். அந்தப் பாடத்தைச் சரியாக நினைவுகூர்ந்து, ஊசியைத் தள்ளிவிட்டு, தாளில் இருந்த சொல்லை நம்பினேன். இரண்டு மீட்டரும் ஒரே பொய்யை ஒரே நேரத்தில் சொல்லுமா என்று கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடமாக சர்வர்கள் அனுப்பும் எச்சரிக்கைகளைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

டேங்கில் பயன்படுத்தக்கூடிய அளவு 40 கேலன். நான் ஊற்றியது 35.2. அப்படியானால் இறங்கும்போது மிச்சமிருந்தது 4.8. முப்பத்தாறு நிமிடம். பகலில் பறக்கும்போது, போய்ச் சேர்ந்த பிறகும் முப்பது நிமிடத்துக்கான எரிபொருள் கையிருப்பில் இருக்கும்படி புறப்பட வேண்டும் என்பது சட்டம். ஆறு நிமிட வித்தியாசத்தில் நான் சட்டத்துக்கு உட்பட்டவன். ஆனால் அது எனக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். எங்கள் நிலையத்தில் ரன்வே ஒன்றே ஒன்று. அன்று யாராவது டயர் வெடித்து அதில் நின்றிருந்தால், இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் பறக்கலாம் என்ற தெம்பில் மேலே சுற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. ரசீது என் கையில். விமானத்தில் இப்போது டேங்க் நிஜமாகவே ஃபுல். லாக்புக்கை நிரப்புவதும் நான்தான். '3.2 மணி நேரம், தனியாக' என்று எழுதி, குறிப்புப் பகுதியில் 'தெளிவான வானம், நல்ல பயணம்' என்று சேர்த்தேன். இரண்டும் உண்மை.

*

சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். "உண்மையைச் சொல்லு, அடிக்க மாட்டேன்." எங்கள் வீட்டில் ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றி மறுபடி மாட்டத் தெரியாமல் வைத்தது யார் என்று அப்பா கேட்டார். அதே வாக்குறுதியோடு. சொன்னேன். அடி விழுந்தது. "உண்மையைச் சொன்னதாலதான் இதோட விட்டேன்" என்று பிறகு விளக்கம் வந்தது.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் அன்று நான் கற்றது ரேடியோவைக் கழற்றக் கூடாது என்பதை அல்ல. கழற்றினால் யார் என்று தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை. பள்ளியும் கல்லூரியும் அதையே உறுதிசெய்தன. லேபில் பீக்கர் உடைந்தால் முதல் கேள்வி 'எப்படி உடைஞ்சுது' அல்ல, 'யாரு'.

நம்முடைய பெரிய கதைகளிலும் இந்த 'யார்' அழுத்தமாக இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லன் ஒருவனின் பேச்சை மட்டும் கேட்டு, கோவலனை விசாரிக்காமல், கொலைக்கு ஆணையிடுகிறான். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, தன் தவறு தெரிந்த கணம் அரசன் அரியணையிலேயே விழுந்து இறக்கிறான். பள்ளியில் இதைப் படித்தபோது புல்லரித்தது. தவறை ஒப்புக்கொள்வதன் உச்சம் இதுதான் என்று ஆசிரியர் சொன்னார்.

இப்போது படிக்கும்போது வேறு ஒன்று கண்ணில் படுகிறது. அரசனின் மரணம் விசாரணையை முடித்துவைக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவனை ஒரு வார்த்தை கேட்காமல் கொல்லும்படி ஆணையிட ஒரு அரசவையில் எப்படி முடிந்தது, தடுக்க ஏன் யாரும் இல்லை என்ற கேள்வியை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. காப்பியத்தின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரை, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்கிறது. ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னதற்கு ஆயிரம் பொற்கொல்லர்கள். 'யார்' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. 'எப்படி' அப்படியே கிடக்கிறது.

*

விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போது ஒரு விபத்தைப் பற்றி வாசித்திருந்தேன். 1974 டிசம்பர் 1. டி.டபிள்யு.ஏ. 514 என்ற போயிங் 727 விமானம், வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டலஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மோசமான வானிலை. இறங்குவதற்கான அணுகுமுறையைத் தொடங்கலாம் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து அனுமதி வந்தது. இனி 1,800 அடி வரை இறங்கலாம் என்று விமானிகள் அதைப் புரிந்துகொண்டார்கள். வழியில் மலை இருப்பதைப் பார்த்து விமானிகளே உயரம் காப்பார்கள் என்பது மறுபக்கத்தின் புரிதல். ஒரே சொல், இரண்டு பொருள். விமானம் வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் மலைச்சரிவில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதற்கு அடுத்த தகவல். ஆறு வாரங்களுக்கு முன்னால் யுனைட்டெட் நிறுவனத்தின் ஒரு விமானக் குழு அதே இடத்தில் அதே சொல்லை அதே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டு, மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் அதை மறைக்கவில்லை. தங்கள் நிறுவனத்தின் உள் ஏற்பாட்டில் தெரிவித்தார்கள். யுனைட்டெட் தன் விமானிகள் எல்லோரையும் எச்சரித்தது. ஆனால் அந்தச் செய்தி டி.டபிள்யு.ஏ. விமானிகளை எட்டவில்லை.

இதன் பிறகு, தவறுகளை விமானிகள் தாங்களே முன்வந்து சொல்ல ஒரு வழி வேண்டும் என்று 1975இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே ஒரு திட்டம் தொடங்கியது. தண்டிக்கிற கையே காதையும் நீட்டினால் யார் வந்து சொல்வார்கள்? அப்பாவின் ரேடியோ கதைதான். எனவே 1976இல் அந்தப் பொறுப்பை, யாரையும் தண்டிக்கும் அதிகாரமில்லாத நாசாவிடம் ஒப்படைத்தார்கள். விமானியோ கட்டுப்பாட்டாளரோ மெக்கானிக்கோ யாரும் எழுதலாம். பத்து நாட்களுக்குள் எழுதிவிட்டால், அது வேண்டுமென்றே செய்ததாகவோ குற்றச்செயலாகவோ விபத்தாகவோ இல்லாதவரை, விதிமீறல் நிரூபணமானாலும் அபராதமோ உரிம இடைநீக்கமோ பொதுவாக வராது. அறிக்கையின் தலைப்பில் பெயரும் முகவரியும் எழுதிய பட்டைத் துண்டை வெட்டி, முத்திரை குத்தி, எழுதியவருக்கே தபாலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயர் அவர்களிடம் தங்காது.

இதைப் படித்தபோது காந்தியின் சுயசரிதையில் வரும் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அண்ணனின் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தை வெட்டித் திருடிய சிறுவன், அதை ஒரு தாளில் எழுதி நோயில் கிடந்த அப்பாவிடம் கொடுக்கிறான். அப்பா படிக்கிறார், கண்ணீர் தாளை நனைக்கிறது, தாளைக் கிழித்துப்போடுகிறார். அடி விழவில்லை. இரண்டும் மன்னிப்புதான். ஆனால் அந்த அப்பா கிழித்தது தவறு எழுதிய தாளை. மகன் தூய்மையானான், விஷயம் முடிந்தது. நாசா கிழிப்பது பெயர் எழுதிய துண்டை. தவறு எழுதிய தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. முதலாவது தவறு செய்தவனுக்காக. இரண்டாவது, அடுத்து அதே வழியில் வரப்போகிறவனுக்காக.

*

இவ்வளவு தெரிந்தவன் அன்று மாலையே எழுதியிருக்க வேண்டும் அல்லவா? எழுதவில்லை. இரண்டு நாள் எனக்குள் வக்கீல் வைத்து வாதாடினேன். சட்டம் மீறப்படவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சொன்னால் என் இன்ஸ்ட்ரக்டருக்கும் சங்கடம். அந்தப் பயணத்துக்கு என் லாக்புக்கில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் அவர். இந்தக் கடைசி வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் பயத்தை அவர்மேல் வைத்த அக்கறையாக அது மாற்றிக் கொடுத்தது.

'யாருக்கும் எதுவும் ஆகவில்லை' என்பதைப் பற்றித் தத்துவத்தில் ஒரு பழைய விவாதம் உண்டு. 1976இல், தற்செயலாக அதே ஆண்டு, பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரே தலைப்பில் கட்டுரைகள் வாசித்தார்கள். அறம் சார்ந்த அதிர்ஷ்டம் என்று அதைச் சொல்லலாம். நேகல் ஒரு லாரி டிரைவரைச் சொல்கிறார். பிரேக்கைச் சோதிக்காமல் வண்டி எடுக்கிறார். குழந்தை குறுக்கே வந்தால் அவர் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி. வராவிட்டால் சின்ன அலட்சியக்காரர், அவ்வளவுதான். செய்த காரியம் ஒன்றே. குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை.

எனக்கும் இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கும் நடுவே இருந்தது, அன்று ரன்வேயில் யாருக்கும் டயர் வெடிக்கவில்லை என்பது மட்டும்தான். அவன் செய்ததை நானும் செய்தேன். விளைவு மட்டும் வேறு. விளைவை வைத்து என்னை நானே மன்னித்துக்கொண்டால், விபத்து நடந்தபின் மட்டுமே தவறைத் தவறு என்று ஒப்புக்கொள்ளும் மனிதனாக இருப்பேன். நடந்த பின்னால் கற்றுக்கொள்ள அந்த மனிதன் இருப்பானா என்பது தனிக் கேள்வி.

மூன்றாம் நாள் இரவு மனைவியிடம் சொன்னேன். ஒரு சின்ன சுவாரசியமான கதைபோலச் சொல்ல முயன்றேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

"லைசன்ஸ் வந்ததும் என்னையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே, இதே பிளேன்லதானே?"

"ஆமா."

"இப்ப அதை யாரு ஓட்டுறா?"

"யாராவது ஸ்டூடண்ட்."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

*

அன்றிரவு நாசா படிவத்தைத் திறந்தேன். என் முதல் வாக்கியம் இது: 'நேர நெருக்கடி காரணமாக எரிபொருள் அளவு நேரடியாகச் சரிபார்க்கப்படவில்லை.' ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் இலக்கணம் இதேதான். செயப்பாட்டு வினை. எழுவாய் கிடையாது. எரிபொருள் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள மறந்துவிட்டதுபோல இருந்தது.

இந்த நடை எனக்கு எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்தது. அலுவலகத்தில் சர்வர் விழுந்தால், யாரையும் குறை சொல்லாத ஆய்வு என்று ஒன்று நடத்துவோம். நானே பலமுறை நடத்தியிருக்கிறேன். அதன் அடிப்படை எண்ணம் விமானத் துறை போன்றவற்றிலிருந்து எங்களுக்கு வந்தது. ஆனால் வரும் வழியில் ஏதோ தொலைந்துவிட்டது. 'யாரையும் குறை சொல்லாமல்' என்பதை 'யாருமே செய்யாததுபோல' என்று எழுதப் பழகிவிட்டோம். பழி வேண்டாம் என்று சொல்லிப் பொறுப்பையும் சேர்த்துக் கழுவிவிட்டோம்.

விமானச் சட்டம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. விமானத்தை இயக்குவதற்கு நேரடிப் பொறுப்பும் இறுதி அதிகாரமும் அதன் தலைமை விமானிக்கே என்று விதி தெளிவாகச் சொல்கிறது. தனியாகப் பறக்கும் மாணவனுக்கும் அது பொருந்தும். கூட்டுப் பொறுப்பு என்ற பேச்சே இல்லை. இவ்வளவு கறாராக 'நீதான்' என்று சொல்லும் அதே துறைதான் 'வந்து சொல், அடிக்க மாட்டேன்' என்றும் சொல்கிறது. முதலில் எனக்கு இது முரணாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. அடி விழாது என்று தெரிந்தவனால்தான் 'நான்' என்று வாக்கியத்தைத் தொடங்க முடியும்.

வாக்கியத்தை அழித்துவிட்டு எழுதினேன்: 'நான் இறக்கையில் ஏறிப் பார்க்கவில்லை. பார்க்காமலே டிக் போட்டேன்.'

இரண்டாவது பாதியில் ஒரு சிக்கல் இருந்தது. வேண்டுமென்றே செய்ததற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'மறந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கும். மறக்கவில்லையே. அந்த ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் ஆனது. கடைசியில் அப்படியே அனுப்பினேன். தைரியம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மீறல் என்று பிடிக்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்ற கணக்கும் மனதில் இருந்தது. அடி விழாது என்று தெரிந்தபின் சொல்லும் உண்மைக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். எனக்குப் புண்ணியக் கணக்கில் அது குறைவாகவே வரும். ஆனால் அடுத்து அந்த விமானத்தில் ஏறுகிறவருக்கு என் உள்நோக்கம் தேவையில்லை, தகவல் போதும்.

மறுநாள் இன்ஸ்ட்ரக்டரிடம் நேரில் சொன்னேன். அறுபதைத் தாண்டிய பெண்மணி. ரசீதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. "மீட்டர் என்ன காட்டியது? பார்த்தாயா? பார்த்தும் ஏன் நம்பவில்லை?" மூன்று கேள்விகள். மூன்றாவதற்குப் பதில் சொல்லும்போது என் குரல் சரியாக இல்லை. அடுத்த இரண்டு வாரம் தனியாகப் பறக்க அனுமதியில்லை என்றார். அது தண்டனையா பயிற்சியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. வலித்தது, ஆனால் நியாயமாக இருந்தது.

பிறகு அந்தப் பதிவுத் தாளைப் பற்றி கிளப்பில் விசாரித்தார்கள். எனக்கு முன்னால் ஓட்டியவர் பொய் எழுதவில்லை. அவர் கிளம்பும்போது டேங்க் ஃபுல். அதை எழுதிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்துவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது புறப்படும்போது இருந்ததா, இறங்கும்போது இருந்ததா என்று தாளில் எங்கும் இல்லை. சிலர் இப்படி, சிலர் அப்படி எழுதி வந்திருக்கிறார்கள். ஒரே சொல், இரண்டு பொருள். அந்தத் தாளில் இப்போது இரண்டு கட்டங்கள் உண்டு. சொல் எழுதக் கூடாது, குச்சியில் அளந்த எண்ணைத்தான் எழுத வேண்டும்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தத் தாள் மாறியிருக்காது. அதே சமயம், தாள் மாறியதால் நான் செய்தது இல்லாமல் போய்விடவும் இல்லை.

இந்த ஏற்பாட்டை எல்லாவற்றுக்கும் நீட்டிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. நாசா மன்னிப்பது தப்பித்துவிட்ட தவறுகளைத்தான். விபத்து நடந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும், மூட வேண்டும்தான். மகனை இழந்த தாயிடம் போய் 'இங்கே யாரையும் குறை சொல்ல வேண்டாம்' என்று சொல்ல எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது. ஆனால் அந்த விபத்துக்கு முன்னால் பலர் தப்பித்திருப்பார்கள், யுனைட்டெட் குழு தப்பித்ததைப்போல. அவர்கள் பேசும் விலையைக் குறைத்து வைத்திருந்தோமா என்பதுதான் நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி. வீட்டில், வகுப்பில், ஆஸ்பத்திரியில், அலுவலகத்தில்.

நாசாவிலிருந்து முத்திரை குத்திய துண்டு தபாலில் வந்தது. லாக்புக்கில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் வைத்த ரசீதில் மை மங்கி, எண் இப்போது தெரிவதில்லை. அந்த வரியின் குறிப்புப் பகுதியில் பிறகு ஒன்றைச் சேர்த்தேன்: 'எரிபொருளை நான் அளக்கவில்லை.' 68 மணி நேரத்தில் உரிமத் தேர்வுக்குப் போனபோது தேர்வாளர் அதைப் படித்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முதல் பயணியாக மனைவி வந்தாள். பாப்பாவை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று இருவருமே பேசாமல் முடிவெடுத்திருந்தோம். நான் இறக்கையிலிருந்து குச்சியோடு இறங்கும்போது அவள் கீழே கை கட்டி நின்றிருந்தாள்.

"எவ்வளவு இருக்கு?"

"முப்பத்தெட்டு கேலன்."

"யாரு சொன்னா?"

"நான் பார்த்தேன்" என்றேன்.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.